சான்றிதழில் மட்டும் வாழ்ந்த நோய்

கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல், ஒருவரின் இறப்புக்குக் காரணம் ‘எக்சைட்டட் டெலிரியம்’ (கடும் பதற்றத்தோடு கூடிய பிதற்றல் நிலை) என்று எந்த மருத்துவரும் மரண விசாரணை அதிகாரியும் சான்றிதழில் எழுதக் கூடாது. காவலர்கள் தங்கள் அறிக்கைகளில் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரை வருணிக்கக் கூடாது. உரிமையியல் வழக்குகளில் அது சாட்சியமாக ஏற்கப்படாது. சட்டப்பேரவை உறுப்பினர் மைக் கிப்சன் கொண்டுவந்து, ஆளுநர் கவின் நியூசம் 2023 அக்டோபர் 8 அன்று கையெழுத்திட்ட ஏபி 360 என்ற சட்டம் இவ்வாறு விதிக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் இப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றியது கலிஃபோர்னியாதான். அடுத்த ஆண்டு கொலராடோவும் ஏறத்தாழ இதே வழியில் சென்றது.

எது நோய், எது நோயல்ல என்பதைச் சட்டமன்றங்கள் வாக்கெடுத்துத் தீர்மானிப்பது எனக்கு உவப்பான காரியம் அல்ல. இன்று தவறான நோய்ப்பெயர் ஒன்றை விலக்கும் அதிகாரம், நாளை அரசியல் தேவைக்காகச் சரியான ஒன்றையும் விலக்கக்கூடும். அமெரிக்காவில் அப்படிச் செய்யத் துணிபவர்களுக்கும் பஞ்சமில்லை. மருத்துவக் கேள்விகளை மருத்துவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பதுதான் பொதுவாக என் கட்சி. ஆனாலும் இந்தச் சட்டத்தின் வாசகத்தையும், அது விலக்கிய பெயரின் நாற்பதாண்டு வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது, இந்த ஒரு விஷயத்தில் சட்டமன்றம் தலையிட்டது சரியென்றே கருதுகிறேன். அதற்கான காரணங்களையும், சட்டம் தொடாமல் விட்ட இடத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்தப் பெயர் குறித்த நிலை இதுதான். ஒருவர் கடும் பதற்றத்தில் இருக்கிறார், முன்னுக்குப்பின் தொடர்பில்லாமல் பேசுகிறார், உடல் கொதிக்கிறது, வலி உறைப்பதில்லை, பலர் சேர்ந்து பிடித்தாலும் அடங்காத வலிமை காட்டுகிறார், பிறகு திடீரென்று மூச்சடங்கி இறந்துபோகிறார். அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் கல்லூரி 2009இல் வெளியிட்ட ஆவணம் இந்நிலையின் அடையாளங்களைப் பட்டியலிட்டது. வேகமான மூச்சு, வியர்வை, களைப்பின்மை, ஆடை சரியாக அணியாமை, கண்ணாடியின்பால் ஈர்ப்பு ஆகியவற்றோடு, காவலர் சொல்லுக்குப் பணியாமையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. காவலர் அருகில் இருந்தால் மட்டுமே வெளிப்படக்கூடிய அறிகுறியைக் கொண்ட வேறொரு நோயை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஆவணத்தைத் தயாரித்த குழுவில் சிலருக்கு டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தோடு தொழில் தொடர்பு இருந்ததையும் விமர்சகர்கள் பின்னர் சுட்டிக்காட்டினார்கள்.

பெயரின் பிறப்பிடம் ஃபுளோரிடாவின் மயாமி நகரம். அங்கே துணைத் தலைமை மரண விசாரணை மருத்துவராக இருந்த சார்லஸ் வெட்லி, மனநல மருத்துவர் டேவிட் ஃபிஷ்பெயினுடன் சேர்ந்து 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொக்கெய்ன் பயன்படுத்திய ஏழு பேரின் மரணத்தை அது விவரித்தது. அவர்களுடைய ரத்தத்தில் இருந்த கொக்கெய்ன், அளவுமீறி எடுத்து இறப்பவர்களிடம் காணப்படுவதைவிடப் பலமடங்கு குறைவு. ஏழு பேரில் ஐவர் இறந்தது காவல்துறையின் பிடியில். வலுக்கட்டாயமாக அடக்கப்பட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு நின்றது என்று கட்டுரையே சொல்கிறது. இந்த மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் எவருக்கும், அடக்கிய விதத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றும். கட்டுரை கொக்கெய்னைப் பற்றிக் கேட்டது.

அதே ஆண்டுகளில் மயாமியில் கறுப்பினப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்து கிடந்தார்கள். பெரும்பாலோர் பாலியல் தொழிலில் இருந்தவர்கள். உடலில் சிறிதளவு கொக்கெய்ன் இருந்தது. கொக்கெய்னும் உடலுறவும் சேர்ந்து பெண்களிடம் ஏற்படுத்தும் திடீர் மரணம் இது என்று வெட்லி விளக்கம் சொல்லிவந்தார். பிறகு 14 வயதுச் சிறுமி ஒருத்தி அதேபோல் இறந்து கிடந்தாள். அவள் உடலில் கொக்கெய்ன் இல்லை. தலைமை மருத்துவர் ஜோசஃப் டேவிஸ் பழைய உடற்கூறாய்வுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, மூச்சுத் திணறடித்துக் கொன்றதற்கான தடயங்கள் அவற்றில் தெரிந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட அந்த மரணங்களுக்கு ஒரே கொலைகாரன் காரணம் என்று காவல்துறை முடிவுக்கு வந்தது. சந்தேகிக்கப்பட்டவன் கொலை வழக்கில் தீர்ப்பு வருமுன் சிறையிலேயே இறந்துபோனான். ஒரு கோட்பாடு இவ்வளவு வெளிப்படையாகத் தோற்ற பிறகு அது புழக்கத்திலிருந்து மறைந்திருக்க வேண்டும். பெண்களைப் பற்றிய பாதி மறைந்தது. ஆண்களைப் பற்றிய பாதி மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது.

இந்நோய் பழமையானதுதான் என்று நிறுவ விரும்பியவர்கள், 1849இல் மாசசூசெட்ஸ் மனநல விடுதியொன்றின் தலைவராக இருந்த லூதர் பெல் எழுதிய குறிப்புகளை எடுத்துக்காட்டுவார்கள். பெல் கண்ட நோயாளிகள் காய்ச்சலோடும் வெறியோடும் வாரக்கணக்கில் கிடந்து இறந்தவர்கள். கைவிலங்கு மாட்டிய சில நிமிடங்களில் இறப்பவரோடு அவர்களுக்கு என்ன உறவு என்பது எனக்கு விளங்கவில்லை.

அடக்கும்போது உடலுக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒருவர் அச்சத்தாலோ போதைப்பொருளாலோ மனநோயின் உச்சத்தாலோ முழு பலத்தோடு போராடும்போது தசைகள் பெருமளவு அமிலத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. அந்த அமிலத்தை ஈடுகட்ட உடலுக்கு உடனடியாகக் கிடைக்கும் வழி, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுவதுதான். ஓடி முடித்தவர் குனிந்து நின்று மூச்சு வாங்குவது இதற்காகவே. அந்த நேரத்தில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கைகளைப் பின்னால் பூட்டி, முதுகில் இரண்டு மூன்று பேர் எடையை ஏற்றினால், மார்பும் வயிறும் விரிய இடமிருக்காது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் இதயம் நின்றுவிடும். மூச்சுக்காக அவர் உடலை நிமிர்த்த முயல்வது மேலே இருப்பவர்களுக்கு எதிர்ப்பாகத் தெரியும். அவர்கள் மேலும் அழுத்துவார்கள். பேச முடிகிறது என்பதால் மூச்சு போதுமானதாக இருக்கிறது என்று பொருளில்லை.

இப்படி இறந்தவரின் உடலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கழுத்தெலும்பு முறிந்திருக்காது, ரத்தத்தின் அமிலநிலை இறந்த பிறகு அளந்தறியக் கூடியதாக இருக்காது. உடலில் தடயம் இல்லை. ரத்தத்தில் கொஞ்சம் போதைப்பொருள் இருக்கிறது. மருத்துவரின் மேசையில் இருப்பதோ காவல்துறை எழுதிய நிகழ்வறிக்கை. இந்த இடைவெளியில்தான் எக்சைட்டட் டெலிரியம் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பெயரில் வெளியான மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2020இல் வந்த ஆய்வொன்று, கடுமையாக அடக்கிப் பிடித்தல் இல்லாத நிலையில் இந்நிலை தானாகவே உயிரைப் பறிக்கிறது என்பதற்கு ஆதாரம் எதையும் காணவில்லை.

அமெரிக்க இறப்புச் சான்றிதழில் மரணத்தின் காரணம் ஒன்று, மரணத்தின் வகை வேறொன்று. இயற்கை, விபத்து, தற்கொலை, பிறர் செயலால் நேர்ந்தது, தீர்மானிக்க இயலாதது என்று ஐந்து வகைகள் உண்டு. பிறர் செயலால் நேர்ந்தது என்று குறிப்பதால் அச்செயலைச் செய்தவர் குற்றவாளி என்றாகிவிடாது. மரணத்துக்கும் ஒரு மனிதரின் செயலுக்கும் தொடர்பு உண்டு என்று மட்டுமே அதன் பொருள். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். காரணத்தின் இடத்தில் எக்சைட்டட் டெலிரியம் என்று எழுதிவிட்டால், மரணம் இறந்தவரின் உடலுக்குள்ளிருந்தே எழுந்ததாகிவிடுகிறது. வகை விபத்தாகிறது, அல்லது தீர்மானிக்க இயலாததாகிறது. அரசு வழக்குரைஞர் கோப்பை மூடுவதற்கு அது போதும்.

ஏபி 360 சட்டத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது ஏஞ்சலோ கிண்டோவின் மரணம். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியிருந்த அவருக்கு வயது 30. 2020 டிசம்பர் 23 அன்று, கலிஃபோர்னியாவின் ஆண்டியாக் நகரிலிருந்த வீட்டில் அவர் மனநல நெருக்கடியில் இருந்தபோது, அவருடைய தங்கை உதவி கேட்டுக் காவல்துறையை அழைத்தார். வந்தவர்கள் அவரைத் தரையில் குப்புறக் கிடத்தி விலங்கிட்டார்கள். முழங்கால் அவர் கழுத்தில் பல நிமிடங்கள் இருந்தது என்கிறது குடும்பம். தோள்பட்டையில் சிறிது நேரமே இருந்தது என்கிறது காவல்துறை. மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். 2021 ஆகஸ்டில் நடந்த மரண விசாரணையில் எக்சைட்டட் டெலிரியம் காரணமாகச் சொல்லப்பட்டு, விபத்து என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். குடும்பம் தனியாக ஏற்பாடு செய்த உடற்கூறாய்வு, அடக்கிப் பிடித்ததால் ஏற்பட்ட மூச்சடைப்பு என்றது. இந்த இரு கூற்றுகளில் எது சரி என்பதைத் தொலைவிலிருந்து நான் தீர்ப்பளிக்க முடியாது. விவாதத்துக்குரிய இக்கேள்விக்கு, மருத்துவத்தின் நோய்ப்பட்டியல்கள் எவற்றிலும் இல்லாத ஒரு நோயைச் சொல்லி விடை எழுதப்பட்டது என்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது.

இறந்த பிறகு எழுதப்படுவதோடு இப்பெயரின் வேலை முடிவதில்லை. உயிரோடு இருப்பவரையும் அது தொட்டது. கொலராடோ மாநிலம் ஆரோராவில், 2019 ஆகஸ்ட் 24 இரவு, கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த எலைஜா மெக்லெயின் என்ற 23 வயது இளைஞரைக் காவலர்கள் நிறுத்தி, கழுத்தைப் பிடித்து அடக்கினார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர். வந்துசேர்ந்த அவசர மருத்துவ உதவியாளர்கள் எக்சைட்டட் டெலிரியம் என்று முடிவுகட்டி 500 மில்லிகிராம் கெட்டமைன் என்ற மயக்க மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அவருடைய எடை ஏறத்தாழ 65 கிலோ. மருந்து அதைவிடப் பெரிய உடலுக்கானது. இதயம் நின்றது, ஆகஸ்ட் 30 அன்று இறந்தார். திருத்தி வெளியிடப்பட்ட உடற்கூறாய்வு அறிக்கை, வலுக்கட்டாயமாக அடக்கிய பின் செலுத்தப்பட்ட கெட்டமைனின் விளைவு என்று காரணம் சொன்னது. 2023 டிசம்பரில் உதவியாளர்கள் இருவரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டனைக்குரியவர்கள் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2020இல் காவலர் ஒருவரின் முழங்காலுக்கடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் மினியாபொலிஸ் தெருவில் கிடந்தபோதும், உடனிருந்த வேறொரு காவலர் இந்தப் பெயரைச் சொல்லித் தம் கவலையைத் தெரிவித்தது, சட்டையில் பொருத்திய கேமராவில் பதிவாகியிருக்கிறது. பயிற்சி வகுப்பில் கற்ற ஒரு நோய்ப்பெயர், நாடித்துடிப்பைக் கூடப் பார்க்காதவர் வாயில் நோயறிதலாக வருகிறது.

2010 முதல் 2020 வரை காவல்பிடியில் நேர்ந்து இப்பெயரில் கணக்கெழுதப்பட்ட 166 மரணங்களைச் சட்டப் பேராசிரியர் ஒசாகி ஒபசோகி ஆராய்ந்தார். இறந்தவர்களில் குறைந்தது 56 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும். வலி உறைக்காத உடல், மனித அளவை மீறிய பலம் ஆகிய அடையாளங்கள், அடிமைமுறைக் காலத்திலிருந்து கறுப்பின உடலைப் பற்றிச் சொல்லப்பட்டுவந்த கதைகளோடு இவ்வளவு ஒத்துப்போவது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவ அமைப்புகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2020இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 2021இலும் இதை நோயாக ஏற்க மறுத்துத் தீர்மானம் வெளியிட்டன. மரண விசாரணை மருத்துவர்களின் தேசியச் சங்கம் 2023 மார்ச்சில் ஆதரவைக் கைவிட்டது. அவசர சிகிச்சை மருத்துவர்கள் கல்லூரி அதே ஆண்டு அக்டோபரில் தன் 2009 ஆவணத்தைத் திரும்பப் பெற்றது. அப்படியானால் சட்டம் எதற்கு என்று கேட்கலாம்.

மருத்துவத் துறை தான் ஏற்றுக்கொண்ட ஒன்றைத் தானே விலக்கிக்கொள்ளும் வழி உண்டு. தன்பாலின ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1973இல் தங்கள் நோய்ப்பட்டியலிலிருந்து அப்படித்தான் நீக்கினார்கள். எக்சைட்டட் டெலிரியம் அந்தப் பட்டியலில் ஒருபோதும் ஏறியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் அதற்குத் தனி இடம் கிடைத்ததில்லை. நூலில் இல்லாத ஒன்றை நூலிலிருந்து அடிக்க முடியாது. அது வாழ்ந்த இடங்கள் காவல் பயிற்சி ஏடுகள், நிகழ்வறிக்கைகள், இறப்புச் சான்றிதழ்கள், சாட்சிக் கூண்டு ஆகியவை. இவை எல்லாமே அரசின் தாள்கள், அரசின் இடங்கள். தன் தாளில் எது எழுதப்படலாம் என்று அரசு தீர்மானிப்பதும், மருத்துவமனைப் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்குக் கட்டளையிடுவதும் ஒன்றல்ல. என் பொதுவான தயக்கம் இந்த இடத்தில் விலகுவது இதனால்தான்.

எதிர்த்தரப்பில் சொல்லப்படுவது எல்லாமே சாக்கு என்று தள்ளிவிட முடியாது. கொதிக்கும் உடலோடும் கட்டுக்கடங்காத பதற்றத்தோடும் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது உண்மை. அவரை உடனே அமைதிப்படுத்தாவிட்டால் உயிர் போகக்கூடும் என்பதும் உண்மை. அத்தகையவருக்கு மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளின் நச்சு இருக்கலாம், மது நிறுத்தியதால் வந்த நடுக்கப் பிதற்றலாக இருக்கலாம், ரத்தச் சர்க்கரை வீழ்ந்திருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம், தைராய்டு உச்சத்தில் இருக்கலாம், தொற்று மூளையை எட்டியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டிவைப்பது சிகிச்சைக்கு உதவாது என்பதை அந்த மருத்துவர்களே இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். சட்டத்தின் வாசகத்தில் எனக்கு உறுத்துவது வேறு. ‘ஹைப்பராக்டிவ் டெலிரியம்’ என்ற பெயரையும் அது தன் விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதியவர்களிடம் மருத்துவர்கள் அன்றாடம் காணும் உண்மையான நிலைக்கும் அதே பெயர்தான். மனநல நோய்ப்பட்டியலில் இல்லாத பொருளில் வரும்போது மட்டுமே தடை என்று வாசகம் இடம்விட்டாலும், எச்சரிக்கையான ஒரு மருத்துவர் தேவையில்லாமல் பேனாவைத் தயங்கவிடுவார். ஓட்டையை அடைக்கப் போய்ச் சன்னலையும் சேர்த்து அடைத்த கதை.

ஆனால் சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி தடையில் இல்லை. தடைக்குப் பக்கத்தில் அது திறந்துவைத்த வழியில் இருக்கிறது. காவலர், தாம் கண்டவரின் நடத்தையை உள்ளபடி விவரிக்கலாம். சாட்சி தான் கண்டதைச் சொல்லலாம். மருத்துவர் மரணத்தின் அடிப்படைக் காரணத்தை எழுதலாம். பெயரைச் சூட்டக் கூடாது, அவ்வளவே. எக்சைட்டட் டெலிரியம் நிலையில் இருந்தார் என்று ஒரே வரியில் முடித்துவந்தவர், இனி அவர் என்ன சொன்னார், எப்படி விழுந்தார், யார் எங்கே பிடித்தார்கள், எத்தனை நிமிடம், எப்போது அசைவு நின்றது என்றெல்லாம் எழுதியாக வேண்டியிருக்கிறது. அப்படி எழுதத் தொடங்கியதும், இதுவரை அறிக்கையில் இடம்பெறாத கைகளும் முழங்கால்களும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன.

வேறு பெயர்கள் இந்த இடத்துக்கு வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரிட்டனில் ‘கடும் நடத்தைக் குலைவு’ என்ற பொருள்படும் தொடர் ஏற்கெனவே காவல்துறையின் வாயில் புழங்குகிறது. கறுப்பினத்தவர் பலரிடம் பெரும்பாலும் தீங்கின்றி இருக்கும் அரிவாள் உயிரணு மரபுக்கூறும் காவல்பிடி மரணங்களுக்குக் காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. பெயர்களை ஒவ்வொன்றாகத் துரத்தும் சட்டம் எப்போதும் ஓரடி பின்னால்தான் ஓடும்.

ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. மேரிலாந்து மாநிலம் அதற்கு ஒரு விடை காட்டியிருக்கிறது. அங்கே தலைமை மரண விசாரணை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற டேவிட் ஃபவுலர், ஃபிளாய்ட் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட காவலரின் தரப்புச் சாட்சியாக வந்து சொன்னவற்றைக் கேட்டு நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், அவர் காலத்துக் காவல்பிடி மரணங்களை மறு ஆய்வு செய்ய மாநிலம் முன்வந்தது. வெளியிலிருந்து வந்த வல்லுநர்கள் 87 மரணங்களைப் பார்த்தார்கள். 2025 மேயில் வெளியான முடிவின்படி, அவற்றில் 36ஐப் பிறர் செயலால் நேர்ந்தவை என்றே வகைப்படுத்தியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பார்த்த மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவின் சட்டத்தில் இப்படிப் பழைய சான்றிதழ்களைத் திறந்து பார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் மாவட்டம் போன்ற 58 கவுண்டிகளில் ஏறத்தாழ 48இல், மரண விசாரணை அதிகாரி வேறு, கவுண்டிக் காவல்துறையின் தலைவரான ஷெரிஃப் வேறு அல்ல. இரண்டும் ஒரே ஆள். தன் துறையினர் பிடியில் இறந்தவரின் மரணம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அந்தத் துறையின் தலைவரே தீர்மானிக்கிறார். 2016இல் வந்த திருத்தம், உடற்கூறாய்வை மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்றும், மரணத்தில் தொடர்புடைய காவலர்கள் ஆய்வறைக்குள் வரக் கூடாது என்றும் விதித்தது. மரணத்தின் வகையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஷெரிஃபிடமிருந்து எடுக்கவில்லை. 2018இல் பெரிய கவுண்டிகளிலாவது இவ்விரு பதவிகளைப் பிரிக்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நிராகரித்தார். 2022இல் மீண்டும் ஒரு மசோதா, ஏபி 1608, வந்தது. ஷெரிஃப்களின் சங்கம் எதிர்த்தது. மாநில செனட்டில் தோற்றது. அதைக் கொண்டுவந்தவரும் இதே மைக் கிப்சன்தான். அவருடைய இரண்டு மசோதாக்களில் தோற்றதே முக்கியமானது என்பது என் எண்ணம். அது நிறைவேறியிருந்தால், அடுத்த ஆண்டு ஒரு நோய்ப்பெயரைத் தடைசெய்யச் சட்டமன்றத்தைக் கூட்ட வேண்டிய தேவை பாதியாவது குறைந்திருக்கும்.